மூட்டு நோவுக்குள் மறைந்த மாரடைப்பு

2020 ஆம் ஆண்டு மாசி மாதத்தில் ஒருநாள் விடியற்காலை அம்மா என்னை எழுப்பி, "தம்பி, இடது தோள்மூட்டு உளையுது, தாடையும் இழுக்குது" என்றார். அம்மாவுக்கு அப்போது 67 வயது. பத்து ஆண்டுகளாக முடக்குவாதம். விரல், மணிக்கட்டு, தோள், முழங்கால் என்று நோகாத மூட்டு இல்லை. எனவே வழமையாகச் செய்வதைத்தான் அன்றும் செய்தேன். தைலம் பூசினேன். மருந்தகத்தில் வாங்கி வைத்திருந்த டைக்ளோபெனாக் குளிசை ஒன்றைக் கொடுத்தேன். மத்தியானமாகியும் நோவு குறையவில்லை. அம்மா வியர்த்துப் போயிருந்தார். ஆட்டோ பிடித்துக்கொண்டு வைத்தியசாலைக்குப் போனோம். அங்கும் கிளினிக் கொப்பியைப் பார்த்துவிட்டு மூட்டு நோவு என்றே எடுத்துக்கொண்டு நோவுக்கு ஊசி போட்டு, கட்டிலில் படுக்க வைத்தார்கள். ஈ.சி.ஜி. எடுத்தது அடுத்தநாள் காலையில். அதற்குள் இருதயத் தசையின் ஒரு பகுதி இறந்துவிட்டது.

அந்த மாரடைப்பில் அம்மா சாகவில்லை. 14 மாதங்கள் இருந்தார். கால் வீங்கி, மூச்சு முட்டி, இரவில் மூன்று தலையணை வைத்துச் சாய்ந்திருந்து, மூன்று தடவை வைத்தியசாலையில் படுத்து எழும்பி, 2021 சித்திரையில் போனார்.

நான் வைத்தியன் அல்ல. பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வு பெற்றவன். அம்மா போன பிறகு, முடக்குவாதத்துக்கும் மாரடைப்புக்கும் என்ன தொடர்பு என்று தேடி வாசிக்கத் தொடங்கினேன். விளங்காத இடங்களை எனக்குத் தெரிந்த வைத்தியர் ஒருவரிடம் கேட்டுத் தெளிந்தேன். அவற்றையெல்லாம் முன்பே அறிந்திருந்தால் அன்று காலை நான் தைலப் போத்தலைத் தேடியிருக்க மாட்டேன். உங்கள் வீட்டிலும் இப்படியொருவர் இருக்கக்கூடும் என்பதால் இதை எழுதுகிறேன்.

தன்னெதிர்ப்பு நோய் என்பது என்ன?

எங்கள் உடலின் நிர்ப்பீடனத் தொகுதி வெளியில் இருந்து வரும் கிருமிகளை எதிர்ப்பதற்காக உள்ளது. சிலரில் அது ஆளை மாறிப் பிடித்து, சொந்த உடலின் இழையங்களையே தாக்கத் தொடங்குகிறது. இதுவே தன்னெதிர்ப்பு நோய். மூட்டுகளைத் தாக்கினால் முடக்குவாதம் எனப்படும் ருமட்டொயிட் மூட்டழற்சி. தோல், மூட்டு, சிறுநீரகம் என்று பல இடங்களைத் தாக்குவது லூபஸ். தோலில் செதில் செதிலாக வருவது சொரியாசிஸ். தோலும் உள்ளுறுப்புகளும் இறுகிப்போவது ஸ்கிளிரோடெர்மா. சிறுவயதிலேயே வரும் முதலாம் வகை நீரிழிவும் இந்த இனத்தைச் சேர்ந்ததுதான். இவற்றுள் பல ஆண்களை விடப் பெண்களுக்கே அதிகம் வருகின்றன.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். "வாதம் இருதயத்தைப் பாதிக்கும்" என்றதும் பலருக்கு வாதக் காய்ச்சல்தான் நினைவுக்கு வரும். அது வேறு. சிறுவயதில் தொண்டையில் ஏற்படும் ஸ்ட்ரெப்டோகொக்கஸ் கிருமித் தொற்றைத் தொடர்ந்து வந்து, இருதய வால்வுகளைப் பழுதாக்குவது வாதக் காய்ச்சல். நான் பேசுவது, முடக்குவாதம், லூபஸ் போன்ற நீண்டகால நோய்கள் இருதயத்துக்குக் குருதி கொண்டு செல்லும் முடியுரு நாடிகளைப் பாதிப்பது பற்றி.

அரை நூற்றாண்டுக் கதை

இந்தத் தொடர்பு நேற்றுக் கண்டுபிடிக்கப்பட்டதல்ல. 1976 இல் கனடாவின் ரொறன்ரோவில் மறே யூறோவிற்ஸ் என்ற வைத்தியரும் அவரது குழுவினரும் லூபஸ் நோயாளரின் மரணங்களை ஆராய்ந்தனர். மரணங்கள் இரண்டு அலைகளாக வருவதைக் கண்டனர். நோய் தொடங்கிய காலத்தில் இறப்பவர்கள் லூபஸின் தீவிரத்தாலும் கிருமித் தொற்றாலும் இறந்தார்கள். பல ஆண்டுகள் கழித்து இறந்தவர்களிடம் லூபஸ் அடங்கியிருந்தது. அவர்களைக் கொண்டுபோனது மாரடைப்பு.

1997 இல் அமெரிக்காவின் பிற்ஸ்பேர்க் நகரில் இருந்து வந்த ஆய்வு இன்னும் அதிர்ச்சியானது. 35 முதல் 44 வயது வரையான லூபஸ் உள்ள பெண்களில் மாரடைப்பு, அதே வயதுடைய ஏனைய பெண்களை விட 50 மடங்குக்கு மேல் காணப்பட்டது. அந்த வயதுப் பெண்களுக்குப் பொதுவாக மாரடைப்பு வருவது மிக அரிது என்பதால்தான் மடங்கு இவ்வளவு பெரிதாகத் தெரிகிறது. ஆனால் 38 வயதுப் பெண் நெஞ்சு நோகுது என்று வந்தால் "இந்த வயதில் மாரடைப்பா?" என்று கேட்பது லூபஸ் உள்ளவர் விடயத்தில் பிழை என்பதை அந்த எண் சொல்கிறது.

2003 இல், 1 இலட்சத்துப் 14 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கத் தாதியரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வின் முடிவு வந்தது. முடக்குவாதம் உள்ள பெண்களுக்கு மாரடைப்பு ஆபத்து இரண்டு மடங்கு. நோய் பத்து ஆண்டுகளைத் தாண்டியவர்களுக்கு மூன்று மடங்கு.

2022 இல் லான்செற் சஞ்சிகையில், பிரித்தானியாவின் 2 கோடி 20 இலட்சம் பேரின் மருத்துவப் பதிவுகளைக் கொண்டு செய்யப்பட்ட பெரிய ஆய்வு வெளிவந்தது. 19 தன்னெதிர்ப்பு நோய்களை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். இந்நோயுள்ளவர்களுக்கு இருதய, குருதிக்குழாய் நோய்கள் வரும் வாய்ப்பு ஏனையோரை விட 1.56 மடங்கு. ஒரு நோய் மட்டும் இருந்தால் 1.41 மடங்கு, இரண்டு இருந்தால் 2.63 மடங்கு, மூன்று அல்லது அதற்கு மேல் இருந்தால் 3.79 மடங்கு. வயது குறைந்தவர்களிடையே இந்த இடைவெளி இன்னும் பெரிதாக இருந்தது.

மாரடைப்புக்குப் பிறகு என்ன நடக்கிறது?

மேலே சொன்னவை எல்லாம் மாரடைப்பு வருமா என்ற கேள்விக்கான பதில்கள். எனக்கு இருந்த கேள்வி வேறு. வந்த பிறகு என்ன? ஏன் அம்மா மீளவில்லை?

அதற்கான பதிலை 2022 புரட்டாதியில் அமெரிக்க இருதயச் சங்கத்தின் சஞ்சிகையில் வெளிவந்த ஓர் ஆய்வில் கண்டேன். கிளீவ்லான்ட் கிளினிக்கைச் சேர்ந்த அம்ஜத் மென்ரியாஸ் என்ற இருதய வைத்தியரும் சகாக்களும் செய்தது. 2014 முதல் 2019 வரை மாரடைப்புடன் வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்ட, 65 வயதைத் தாண்டிய 16 இலட்சத்து 54 ஆயிரம் அமெரிக்கர்களின் பதிவுகள் அதில் ஆராயப்பட்டன. அவர்களில் ஏறத்தாழ 60 ஆயிரம் பேருக்கு, அதாவது 3.6 வீதத்தினருக்கு, முடக்குவாதம், லூபஸ், சொரியாசிஸ், ஸ்கிளிரோடெர்மா, தசையழற்சி போன்ற தன்னெதிர்ப்பு நோய்களில் ஒன்று இருந்தது.

இந்த 60 ஆயிரம் பேரையும், வயதிலும் பாலிலும் ஏனைய நோய்களிலும் அவர்களை ஒத்த, ஆனால் தன்னெதிர்ப்பு நோய் இல்லாதவர்களையும் அருகருகே வைத்து ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். தன்னெதிர்ப்பு நோயுள்ளவர்கள் இறக்கும் வாய்ப்பு 15 வீதம் அதிகமாக இருந்தது. இருதயச் செயலிழப்புடன் வைத்தியசாலையில் சேரும் வாய்ப்பு 12 வீதம் அதிகம். இன்னொரு மாரடைப்பு வருவது 8 வீதம் அதிகம். நாடியைத் திறக்க மறுபடியும் சிகிச்சை தேவைப்படுவது 6 வீதம் அதிகம்.

15 வீதம் சிறிய எண்ணாகத் தெரியலாம். ஆனால் ஒத்த நிலையில் உள்ளவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்த பின்பும் மிஞ்சி நிற்கும் வித்தியாசம் அது. ஆய்வில் இருந்தவர்கள் அமெரிக்க முதியவர்கள். எங்கள் ஊரிலும் இதே வீதம் என்று நான் சொல்லவரவில்லை. எந்தப் பக்கம் காற்று வீசுகிறது என்பதைத்தான் அது காட்டுகிறது.

"இருதயச் செயலிழப்பு" என்ற சொல்லைக் கேட்டு இருதயம் நின்றுவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. இருதயம் குருதியை வேண்டிய அளவு தள்ள முடியாமல் களைத்துப்போகும் நிலை அது. நீர் தேங்கிக் கால் வீங்கும். படுத்தால் மூச்சு முட்டும். அம்மாவின் மூன்று தலையணைகளின் அர்த்தம் எனக்கு அப்போதுதான் முழுதாக விளங்கியது.

அந்த ஆய்வில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது இன்னொரு முடிவு. தன்னெதிர்ப்பு நோயுள்ளவர்களுக்கு மாரடைப்பு வந்தபோது அஞ்ஜியோகிராம் செய்வதும், ஸ்டென்ட் வைப்பதும், பைபாஸ் சத்திரசிகிச்சை செய்வதும் ஏனையோரை விடக் குறைவாகவே நடந்திருந்தன. அவர்களது நாடிகளின் அமைப்பு அந்தச் சிகிச்சைக்குப் பொருத்தமில்லாமல் இருந்திருக்கலாம், வேறு நோய்களால் ஆபத்து அதிகம் என்று வைத்தியர்கள் தயங்கியிருக்கலாம். காரணம் எதுவானாலும், ஆபத்து கூடியவர்களே சிகிச்சை குறைவாகப் பெற்றிருக்கிறார்கள்.

ஏன் இப்படி?

முதற்காரணம் அழற்சி. மூட்டில் வீக்கத்தையும் சூட்டையும் உண்டாக்கும் அதே அழற்சி, குருதியோடு உடல் முழுவதும் சுற்றுகிறது. நாடிச் சுவரின் உட்படையை அது புண்ணாக்குகிறது. கொழுப்புப் படிவு வேகமாகச் சேர்கிறது. சேர்ந்த படிவு உறுதியில்லாமல் இருப்பதால் இலகுவில் வெடிக்கிறது. வெடித்த இடத்தில் குருதி உறைந்து நாடி அடைபடுகிறது. ஆகவே கொலஸ்ட்ரோல் அளவாக இருக்கிறது என்பது மட்டும் இவர்களுக்குப் போதிய ஆறுதல் அல்ல. ஐரோப்பிய வாதநோய் வைத்தியர்களின் சங்கம், முடக்குவாதம் உள்ளவருக்கு வழமையான முறையில் கணிக்கும் இருதய ஆபத்தை 1.5 ஆல் பெருக்கிக்கொள்ளும்படி வைத்தியர்களுக்குப் பரிந்துரைத்திருப்பது இதனால்தான்.

இரண்டாவது காரணம், நோவு நோவுக்குள் ஒளிந்துகொள்வது. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் மாயோ கிளினிக் ஆய்வாளர்கள் 603 முடக்குவாத நோயாளரை ஆராய்ந்து 2005 இல் வெளியிட்ட முடிவு இது: நெஞ்சு நோவு என்று வைத்தியரிடம் சொன்னவர்கள் இவர்களில் குறைவு. ஆனால் யாருக்கும் தெரியாமல் வந்துபோய், பின்னர் ஈ.சி.ஜி. யில் தழும்பாக மட்டும் தெரியும் மாரடைப்பு இவர்களுக்கு ஏறத்தாழ இரு மடங்கு. திடீர் மரணமும் ஏறத்தாழ இரு மடங்கு. தோளும் கையும் எப்போதும் நோகிறவருக்கு, ஒருநாள் தோளும் கையும் நோவது செய்தியாகத் தெரிவதில்லை. மூட்டு நோவால் அதிகம் நடக்காதவருக்கு, நடந்தால் நெஞ்சு இறுகும் என்பதே தெரிய வாய்ப்பில்லை.

மூன்றாவது, மருந்துகள். டைக்ளோபெனாக், இபுபுரோஃபென் போன்ற நோவுக் குளிசைகளைத் தொடர்ந்து எடுப்பது மாரடைப்பு ஆபத்தைக் கூட்டுகிறது. உடலில் நீரைத் தேக்கி, இருதயச் செயலிழப்பு உள்ளவரை மோசமாக்குகிறது. இந்த இனத்தைச் சேர்ந்த ரொஃபெகொக்சிப் என்ற மருந்து மாரடைப்பை உண்டாக்குவது தெரியவந்து 2004 இல் உலகச் சந்தையில் இருந்தே மீளப்பெறப்பட்டது. அன்று காலை நான் அம்மாவுக்குக் கொடுத்த குளிசை எது என்பதை நான் மறக்கவில்லை. ஸ்டீரொயிட் மருந்துகளும் நீண்டகாலம் கூடிய அளவில் எடுத்தால் பிரஷரையும் சீனியையும் கூட்டும். ஆனால் ஸ்டீரொயிட்டைத் திடீரென்று நிறுத்துவது உயிராபத்து. வைத்தியர் சொல்லி, படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

அழற்சியை அடக்கினால் இருதயம் தப்புமா?

இந்தக் கேள்வியை நேரடியாகச் சோதித்த பெரிய ஆய்வுகள் உண்டு. ஏற்கெனவே மாரடைப்பு வந்து, குருதியில் அழற்சிக் குறிகாட்டி உயர்ந்திருந்த 10,061 பேரில் கனாகினுமாப் என்ற அழற்சி அடக்கும் ஊசிமருந்து சோதிக்கப்பட்டது. 2017 இல் வெளிவந்த முடிவின்படி, 150 மில்லிகிராம் அளவில் அது மறு மாரடைப்பு, பக்கவாதம், இருதய மரணம் ஆகியவற்றைச் சேர்த்து 15 வீதத்தால் குறைத்தது. கூடவே உயிர்கொல்லும் கிருமித் தொற்றும் சற்றுக் கூடியது. அடுத்த ஆண்டில், முடக்குவாதத்துக்குக் கொடுக்கப்படும் மெதொட்ரெக்சேட்டை 4,786 இருதய நோயாளருக்குக் குறைந்த அளவில் கொடுத்துப் பார்த்த ஆய்வின் முடிவு வந்தது. அதில் பலன் கிடைக்கவில்லை.

இதைக் கேட்டு முடக்குவாத நோயாளர் யாரும் மெதொட்ரெக்சேட்டை நிறுத்திவிடக் கூடாது. அந்த ஆய்வு முடக்குவாதம் உள்ளவர்களில் செய்யப்பட்டதல்ல. மூட்டு அழற்சியை அடக்கி வைத்திருப்பது இந்த நோயாளருக்கு மூட்டுக்கும் நல்லது, இருதயத்துக்கும் நல்லது என்பதே வைத்தியர்களின் நிலைப்பாடு. அத்தோடு பிரஷர், சீனி, கொலஸ்ட்ரோல் மூன்றையும் கட்டுப்படுத்துவதும், புகையிலையை விடுவதும் எல்லோரையும் விட இவர்களுக்கு அவசியம். புகைத்தல் மாரடைப்புக்கு மட்டுமல்ல, முடக்குவாதம் வருவதற்கும் ஒரு காரணி.

போருக்குள் இருந்து வந்தவர்களுக்கு

அம்மாவின் விரல்கள் முதலில் வீங்கியது 2010 இல், செட்டிகுளம் முகாமில் இருந்து ஊர் திரும்பிய சில மாதங்களில். போர்தான் அவருக்கு நோயைத் தந்தது என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் 2018 இல் சுவீடனில் இருந்து வந்த ஆய்வை வாசித்தபோது அந்த மாதங்கள் நினைவுக்கு வந்தன. கடும் மன அழுத்தத்தால் ஏற்பட்ட மனப்பாதிப்புக்கு உள்ளான 1 இலட்சத்து 6 ஆயிரம் பேரைப் பின்தொடர்ந்த அந்த ஆய்வில், அவர்களுக்குப் பின்னாளில் தன்னெதிர்ப்பு நோய் வரும் வாய்ப்பு 36 வீதம் அதிகமாக இருந்தது. பேரதிர்ச்சிக்குப் பின்னான மனவடு உள்ளவர்களில் அது 46 வீதம். ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களில் இருந்து திரும்பிய அமெரிக்கப் படையினரில் செய்யப்பட்ட ஆய்வொன்றும் இதே பக்கம்தான் கைகாட்டியது. இவை ஒரு தொடர்பைக் காட்டுகின்றன, இன்னாருக்கு இதனால்தான் வந்தது என்று தீர்ப்புச் சொல்லவில்லை.

போர் எங்களுக்கு இன்னொன்றையும் பழக்கிவிட்டது. நோவைப் பொறுத்துக்கொள்வது. உடம்பில் செல் துண்டோடு வாழ்பவர்கள் இருக்கிறார்கள். தனியே குடும்பத்தைத் தூக்கி நிறுத்திய பெண்கள், "எனக்கென்ன, இது வழமையான நோவுதானே" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போகிறார்கள். அம்மாவும் அப்படித்தான். அன்று காலை அவர் என்னை எழுப்பியதே வழமைக்கு மாறானது. பத்து ஆண்டுகளில் நோவு என்று சொல்லி அவர் என்னை எழுப்பியதில்லை. அதை நான் கவனித்திருக்க வேண்டும்.

நாங்கள் செய்யக்கூடியவை

புதிய நோவைப் பழைய நோவில் இருந்து பிரித்துப் பாருங்கள். மூட்டு நோவு, மூட்டை அசைத்தால் கூடும், அமுக்கினால் நோகும். இருதய நோவு பெரும்பாலும் அப்படி இருக்காது. நெஞ்சு இறுக்கம், தாடை, கழுத்து, தோள், முதுகு, மேல்வயிறு ஆகிய இடங்களில் அசைவோடு சம்பந்தமில்லாத நோவு, குளிர்ந்த வியர்வை, மூச்சு முட்டல், ஓங்காளம், காரணமில்லாத கடும் களைப்பு ஆகியவற்றில் ஏதாவது திடீரென்று வந்தால் தைலத்தையும் வாய்வு மருந்தையும் தேட வேண்டாம். 1990 என்ற இலக்கத்தை அழையுங்கள். அந்த அம்புலன்ஸ் சேவை இலவசம்.

வைத்தியசாலையில் முதல் வார்த்தையாகவே சொல்லுங்கள்: "இவருக்கு முடக்குவாதம், இது வழமையான மூட்டு நோவு மாதிரி இல்லை, ஒரு ஈ.சி.ஜி. எடுத்துப் பாருங்கோ." கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. முதல் ஈ.சி.ஜி. யில் ஒன்றும் தெரியாத மாரடைப்பும் உண்டு. நோவு தொடர்ந்தால் மறுபடி எடுக்கவும், ட்ரொபோனின் குருதிப் பரிசோதனை செய்யவும் முடியுமா என்று கேளுங்கள்.

மூட்டு நோய்க் கிளினிக்குக்குப் போகும்போது பிரஷர், சீனி, கொலஸ்ட்ரோல் எப்போது கடைசியாகப் பார்த்தது என்று கேளுங்கள். மருந்தகத்தில் நோவுக் குளிசையை உங்கள் பாட்டில் வாங்கித் தொடர்ந்து குடிக்க வேண்டாம். குடிக்கிறீர்கள் என்றால் மறைக்காமல் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

மாரடைப்பு வந்து மீண்டவர் என்றால், இருதயக் கிளினிக்கையும் மூட்டுக் கிளினிக்கையும் தனித்தனி உலகமாக நடத்த வேண்டாம். இரண்டு கொப்பிகளையும் இரண்டு இடத்திலும் காட்டுங்கள். அஞ்ஜியோகிராம் தேவையா, தேவையில்லை என்றால் ஏன் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கால் வீக்கம், படுத்தால் மூச்சு முட்டல், இரண்டு மூன்று நாட்களில் நிறை கூடுதல் ஆகியவற்றைக் கண்டால் அடுத்த கிளினிக் திகதிவரை காத்திருக்காதீர்கள்.

அம்மாவின் இரண்டு கொப்பிகளும் இன்னும் என்னிடம் இருக்கின்றன. மூட்டுக் கொப்பியில் மாரடைப்பு என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. இருதயக் கொப்பியில் முடக்குவாதம் ஒரு வரியில் முடிந்திருக்கிறது. இரண்டையும் ஒன்றாகக் கொண்டுபோய்க் காட்ட அந்த 14 மாதங்களும் எனக்குத் தோன்றவில்லை.